போலி கேசட் வாங்கியவர்கள் திருடர்களா?

ஒரு பாட்டுக்கு என்ன விலை?

கத்தரிக்காய்க்கு விலை உண்டு. கைத்தறிச் சேலைக்கு விலை உண்டு. காயை எடை போடலாம். துணியை முழம் போடலாம். பாட்டை எப்படி அளப்பது? காற்றில் வருகிறது, காற்றில் போகிறது. ஒருவர் கேட்டாலும் அதே பாட்டுதான். ஊரே கூடிக் கேட்டாலும் அதே பாட்டுதான். கேட்கக் கேட்கக் குறைவதும் இல்லை.

அதனால், "பாட்டுக்குக் காசு கொடுங்கள்" என்றால் பலருக்கு வியப்பாக இருக்கிறது.

கேசட் வந்த காலத்தில் இருந்து ஒரு குற்றச்சாட்டு உண்டு. "கிராமத்து மக்கள் கம்பெனி கேசட் வாங்க மாட்டார்கள். மலிவாகக் கிடைக்கும் போலியைத்தான் வாங்குவார்கள். கலைஞனின் உழைப்புக்கு மதிப்புக் கொடுக்கத் தெரியாதவர்கள்" என்பதே அது.

திருச்சுழிப் பக்கம் போய்ப் பார்த்தால், இந்தக் குற்றச்சாட்டில் பாதிதான் உண்மை என்று தெரியும். போலி வாங்கியது உண்மை. மதிப்புக் கொடுக்கத் தெரியாது என்பது பொய்!

வானம் பார்த்த பூமி

விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிறது திருச்சுழி. தேவாரப் பாடல் பெற்ற ஊர். 1879-ம் ஆண்டு ரமண மகரிஷி பிறந்த ஊர். ஊரை ஒட்டிக் குண்டாறு ஓடுகிறது. "ஓடுகிறது" என்பது பேச்சுக்குத்தான். ஆண்டில் பெரும் பகுதி அதில் மணலைத்தான் பார்க்கலாம்.

மழை பெய்தால் பருத்தி, மிளகாய், மல்லி, சிறுதானியம். பெய்யாவிட்டால் சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பார்கள். பக்கத்தில் அருப்புக்கோட்டையில் தறி உண்டு. நூல் ஆலை உண்டு. கையில் காசு புரள்வது அறுவடை முடிந்த சில வாரங்களில்தான்.

இப்படிப்பட்ட ஊர்களுக்குப் பாட்டு எப்படி வந்தது? மரத்தின் மேல் ஏறி வந்தது!

காதுகுத்து, சடங்கு, கல்யாணம், அம்மன் கோயில் பொங்கல் எதுவானாலும் முதலில் கூப்பிடுவது ரேடியோ செட்காரரைத்தான். அவர் வேப்ப மரத்தில் குழாய் கட்டுவார். தட்டைச் சுழல விடுவார். அந்தக் காலத்து ரிக்கார்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு. தட்டைத் திருப்பிப் போடவும் ஊசி மாற்றவுமே ஓர் ஆள் வேண்டும். சிறுவர்கள் அதைச் சுற்றி நிற்பார்கள்.

ரிக்கார்டு வாங்கியவர் செட்காரர் ஒருவர். கேட்டது நான்கு ஊர். கம்பெனிக்கு ஒரு தட்டின் விலை போயிற்று. செட்காரருக்கு வாடகை கிடைத்தது. கேட்டவர்கள் யாரும் காசு கொடுக்கவில்லை. அவர்களைத் திருடர்கள் என்று எவரும் சொல்லவும் இல்லை.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவைப் பார்க்கலாம். உண்மையான சமயச் சடங்கில் பாட்டு ஒலிபரப்பினால் குற்றம் ஆகாது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய விழாக்களும் அதில் சேரும். அதற்குத் தனி அனுமதி வாங்கத் தேவை இல்லை.

அடுத்து இலங்கை வானொலி. 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. மக்கள் பேசாமல் இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். தென் மாவட்டங்களில் அது தெளிவாகக் கேட்டது. பிறகு விவித பாரதி வந்தது. ஆனாலும் கே.எஸ்.ராஜாவின் குரலையும் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலையும் அறியாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அங்கே பாட்டுக்குப் பணம் கொடுத்தது யார்? விளம்பரம் செய்தவர்கள்!

ஆக, இரண்டு தலைமுறைக்குப் பாட்டு என்பது தண்ணீர்ப் பந்தல் மோர் போல. யாரோ ஒருவர் செலவு. எல்லோருக்கும் இலவசம்.

துண்டுச் சீட்டும் வெற்றுக் கேசட்டும்

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி சின்ன ஒலிநாடாப் பெட்டியைக் கண்டுபிடித்து வெளியிட்டது. அதுதான் கேசட். நம் ஊர்களுக்கு அது பரவலாக வந்தது 1980-களில். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் "டூ-இன்-ஒன்" பெட்டியோடு திரும்பினார்கள்.

கூடவே ஒரு புதுத் தொழில் பிறந்தது. அதன் பெயர் ரெக்கார்டிங் சென்டர்.

ஒரு வெற்றுக் கேசட். ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் பிடித்த பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்து விட்டு வந்தால் போதும். இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் 12 பாட்டு. 90 நிமிடக் கேசட்டில் 18 பாட்டு, சில சமயம் 20. அட்டையில் முத்து முத்தாக வரிசை எழுதி இருக்கும்.

சட்டப்படி இது தவறு. சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. கடை வைத்து, காசு வாங்கி, பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பது அதில் அடங்காது. 1984-ல் செய்த திருத்தத்தின்படி, இதற்குக் குறைந்தது 6 மாதமும் அதிக அளவாக 3 ஆண்டும் சிறைத் தண்டனை. ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம்.

ஆனாலும் வாங்குகிறவர் நிலையில் இருந்து பார்க்க வேண்டும்.

கம்பெனி கேசட்டில் ஒரு படம், அல்லது இரண்டு படம். அதில் பிடித்தது இரண்டு பாட்டு இருக்கும். அந்த இரண்டு பாட்டுக்காக முழு விலை. அதற்கும் பெரும்பாலும் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். பஸ் கட்டணமும் சேர்த்தால் பாட்டின் விலை எங்கேயோ போய் விடும். ரெக்கார்டிங் சென்டரிலோ கேட்ட பாட்டு கேட்ட வரிசையில்! மலிவு மட்டும் அல்ல, கம்பெனி தராத ஒன்றை அவர்கள் தந்தார்கள். கம்பெனிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

இதைப் புரிந்து கொண்ட வியாபாரி டெல்லியில் ஒருவர் இருந்தார். பழச்சாறுக் கடைக்காரர் மகன் குல்ஷன் குமார். 1983-ல் அவர் தொடங்கிய கம்பெனியின் கேசட்டுகள்தான் "டி-சீரிஸ்". விலையைக் குறைத்தார். மளிகைக் கடையிலும் வெற்றிலை பாக்குக் கடையிலும் கேசட்டைத் தொங்க விட்டார். பழைய பாட்டுகளைப் புதிய பாடகர்களைப் பாட வைத்தும் விற்றார். அப்படிச் செய்ய அப்போது சட்டத்தில் வழி இருந்தது. வட நாட்டில் மூலை முடுக்கெல்லாம் கேசட் போய்ச் சேர்ந்தது. எட்டும் விலையில் எட்டும் இடத்தில் கிடைத்தால், ஏழையும் காசு கொடுத்து வாங்குவான் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

பிறகு வட்டத் தட்டு வந்தது. கம்பெனி சி.டி.யில் 12 பாட்டோ 15 பாட்டோ. நடைபாதையில் விற்ற எம்.பி.3 தட்டிலோ 150 பாட்டு! அப்புறம் செல்போன் கடையில் மெமரி கார்டு. "பாட்டு ஏற்றித் தரப்படும்" என்று பலகை. தட்டும் போயிற்று, நாடாவும் போயிற்று.

தமிழக அரசு சும்மா இருக்கவில்லை. 1982-ம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தை 2004-ல் திருத்தியது. "வீடியோ திருடர்"களையும் அதில் சேர்த்தது. படத்தின் பாட்டைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவரும் அதற்குள் வருவார். விசாரணை இன்றி ஓர் ஆண்டு வரை காவலில் வைக்கலாம். கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவருக்கும் பாட்டுத் தட்டு விற்கிறவருக்கும் ஒரே சட்டம்! கொஞ்சம் அதிகம்தான்.

ஜப்பானிலும் இதே கதை

இது ஏழை நாட்டு வழக்கம் என்று எண்ணி விட வேண்டாம்.

"டோரேமான்" போன்ற ஜப்பான் பொம்மைப் படங்களை நம் வீட்டுக் குழந்தைகள் அறிவார்கள். அப்படிப்பட்ட படங்களின் இசைத் தட்டுகளுக்கு உலகம் எங்கும் ரசிகர்கள் உண்டு. ஜப்பானில் ஒரு தட்டின் விலை சுமார் 3 ஆயிரம் யென். கடைக்காரர் விலையைக் குறைத்து விற்கவும் முடியாது. கம்பெனி குறித்த விலைக்கே விற்க வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே உண்டு.

விளைவு? தைவான் தீவில் அதே தட்டுகளைப் பிரதி எடுத்து மலிவாக விற்றார்கள். அவை அமெரிக்கா வரை போயின. அங்கே வாங்கியவர்கள் கரிமூட்டம் போடுகிறவர்கள் அல்ல, கல்லூரி மாணவர்கள்! பலருக்குத் தாங்கள் வாங்கியது போலி என்பதே தெரியாது. 2002-ல் தைவான் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. ஜப்பான் பாட்டுகளுக்கும் அங்கே பாதுகாப்பு வந்தது. அந்த வியாபாரம் தேய்ந்தது.

கொடுத்த காசு எங்கே போயிற்று?

இனி முக்கியமான கேள்விக்கு வரலாம். ஒருவர் பஸ் ஏறிப் போய், முழு விலை கொடுத்து, கம்பெனி கேசட்டே வாங்கினார் என்று வைத்துக் கொள்வோம். பாட்டு எழுதியவருக்கு அதில் என்ன கிடைத்தது? பாடியவருக்கு? தபேலா வாசித்தவருக்கு?

1977-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. படத் தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் பாட்டு எழுதச் சொன்னால், இசை அமைக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரையில் அந்தப் பாட்டு தயாரிப்பாளருக்கே சொந்தம் என்பது தீர்ப்பு. அதில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருந்தினார். பாராளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார்.

பாராளுமன்றம் கவனித்தது. எப்போது? பாடுகிறவருக்குத் தனி உரிமை 1994-ல் வந்தது. பாட்டு எழுதியவரும் இசை அமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எவருக்கும் எழுதிக் கொடுத்து ஏமாறக் கூடாது என்ற திருத்தம் 2012-ல் வந்தது. 35 ஆண்டு! அதற்குள் கேசட்டின் காலமே முடிந்து விட்டது.

அருப்புக்கோட்டைக்குத் தெற்கே எட்டயபுரம் இருக்கிறது. அந்த ஊர்ப் பிள்ளை பாரதியாரின் கதி என்ன? அவர் பாடல்களை இசைத் தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கை மாறிக் கை மாறி, கடைசியில் பட அதிபர் ஏவி.மெய்யப்பனிடம் இருந்தது. 1949-ல் சர்க்கார் கேட்டது. அவர் பணம் வாங்காமலே விட்டுக் கொடுத்தார். அது அவர் பெருந்தன்மை. ஆனால் ஊர் ஊராகப் பாடிய கவியின் பாட்டைப் பாடுவதற்கு, ஒரு காலத்தில் வேறொருவரிடம் அனுமதி கேட்க வேண்டி இருந்தது!

இளையராஜாவின் பாட்டை எட்டுத் திக்கும் கொண்டு போனவை எக்கோ கம்பெனி கேசட்டுகள். பிற்காலத்தில் அவரும் அந்தக் கம்பெனியும் கோர்ட்டு ஏறியதை நாடறியும்.

பெயர் பெற்றவர்கள் கதையே இப்படி. பெயர் தெரியாத வாத்தியக்காரர்களை எங்கே தேடுவது? வந்தார்கள், வாசித்தார்கள், அன்றைய ஊதியத்தை வாங்கிக் கொண்டு போனார்கள். கேசட் ஆயிரம் விற்றாலும் லட்சம் விற்றாலும் அவர்களுக்கு அவ்வளவுதான்.

ஆகவே, அந்தக் காலத்தில் போலி கேசட் வாங்கிய திருச்சுழிக்காரர் கலைஞனின் வயிற்றில் அடித்தார் என்று சொன்னால், அது முழுக் கணக்கு ஆகாது. கலைஞனின் பங்கு கடைக்கு வருவதற்கு முன்பே போயிருந்தது.

முகம் தெரிந்தால் கொடுப்பார்கள்

இதே ஊர் மக்கள் காசு கொடுக்க மாட்டாதவர்களா? கோயில் பொங்கல் அன்று இரவு போய்ப் பார்க்க வேண்டும்.

மேடையில் "வள்ளி திருமணம்" நாடகம். விடிய விடிய நடக்கும். ஆர்மோனியக்காரர் பாட்டை எடுக்கிறார். வள்ளி பதில் பாடுகிறாள். கூட்டத்தில் இருந்து ஒருவர் எழுந்து மேடைக்குப் போகிறார். மடியில் இருந்து 50 ரூபாயை எடுக்கிறார். நடிகரின் சட்டையில் குத்துகிறார். உடனே பபூன் மைக்கைப் பிடித்து, இன்னார் மகன் இன்னார் 50 ரூபாய் அன்பளிப்பு என்று ஊர் அறியச் சொல்கிறார். கரகாட்டத்திலும் அப்படியே. நையாண்டி மேளத்திலும் அப்படியே.

யாரும் கேட்கவில்லை. சட்டம் இல்லை. போலீசு இல்லை. பாட்டு நன்றாக இருந்தது, கொடுத்தார். அவ்வளவுதான்!

கொடுத்தவர் யார்? பகல் எல்லாம் கரிமூட்டத்துப் புகையில் நின்றவராக இருக்கலாம். மொய் நோட்டில் 20 ஆண்டுக்கு முன் எழுதிய 101 ரூபாயை மறக்காமல் திருப்பிச் செய்கிற ஊர் இது. அடுத்தவர் காசை வைத்துக் கொள்ள நினைக்கும் ஊர் அல்ல.

அவர்கள் மேடையில் கண்ட முகத்துக்குக் கொடுத்தார்கள். கேசட் பெட்டிக்குள் முகம் தெரியவில்லை. போலியிலும் தெரியவில்லை, அசலிலும் தெரியவில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதுதான் நாட்டுப்புறப் பாட்டு.

சிவகங்கைப் பக்கத்துக் கொல்லங்குடி கருப்பாயி, மதுரைக்கு அருகே பரவை முனியம்மா, நாட்டுப்பாட்டைத் தேடித் தொகுத்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றவர்களுக்குப் பின்னால் படக் கம்பெனி இல்லை. நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் வயலில் இருந்து வானொலிக்கும் ஒலிநாடாவுக்கும் கொண்டு வந்தவர்கள் அவர்கள். கருப்பாயி 1985-ல் "ஆண்பாவம்" படத்திலும் நடித்தார். வாங்குகிறவருக்கு இவர்கள் குரல் பக்கத்து வீட்டுக் குரல்.

இப்படிப்பட்ட கலைஞரின் பாட்டைப் போலி எடுப்பது வேறு கதை. பெரிய படத்தின் பாட்டை நூறு பேர் பிரதி எடுத்தாலும், கம்பெனிக்குத் தியேட்டர் உண்டு, வானொலி உண்டு, டெலிவிஷன் உண்டு. நாட்டுப்புறப் பாடகருக்கு என்ன உண்டு? திருவிழா சீசனில் சில இரவுகள். மற்ற மாதங்களில் கூலி வேலை. மேடைக்குப் பக்கத்தில் துண்டு விரித்துத் தானே விற்கும் பத்துக் கேசட்டும் பத்துத் தட்டும்தான் அவருக்கு மிச்சம். அதைப் போலி எடுத்தவன் திருடியது பாட்டை அல்ல, அரிசியை!

"போலி பரவியதால்தானே அவர் பெயர் பரவியது? பெயர் பரவியதால்தானே அடுத்த ஊரில் கூப்பிட்டார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் தன் சரக்கில் எதை மாதிரிக்கு இலவசமாகக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் சரக்குக்கு உரியவர். அடுத்தவர் அல்லவே!

இன்று என்ன விலை?

இன்று பாட்டு செல்போனில் வருகிறது. ஸ்பாட்டிபை என்னும் வெளிநாட்டுக் கம்பெனி 2019-ல் இந்தியாவுக்கு வந்தது. விளம்பரம் இல்லாமல் கேட்க மாதம் ரூ.119 என்றது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி ரூ.229. அதாவது, அரை நாள் மண் சுமந்தால் ஒரு மாதம் பாட்டு.

அதைக் கட்டாதவர்களுக்கும் பாட்டு உண்டு. இடையிடையே விளம்பரம் வரும். விளம்பரம் செய்தவர் பணம் கொடுப்பார். பாட்டன் கேட்ட இலங்கை வானொலி திரும்பி வந்து விட்டது என்று வைத்துக் கொள்ளலாம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. 2012-ம் ஆண்டுத் திருத்தத்தால், பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. பாடகர்களும் 2013-ல் தங்கள் உரிமைக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். "எப்படியும் அவருக்குப் போகப் போவதில்லை" என்ற பழைய சமாதானம் இன்று செல்லாது.

போலி மட்டும் ஒழிந்ததா? இல்லை. உருமாறி இருக்கிறது. நாடகம் நடக்கிறது. ஒருவர் செல்போனில் படம் பிடிக்கிறார். தன் பெயரில் யூடியூப்பில் போடுகிறார். பல்லாயிரம் பேர் பார்த்தால் விளம்பரக் காசு வருகிறது. காசு யாருக்கு? படம் பிடித்தவருக்கு! பாடிப் பாடித் தொண்டை கட்டியவருக்கு அன்றைய சம்பளத்தோடு சரி.

இங்கே கேட்கிறவர் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பைசா செலவு இல்லை. படத்தின் கீழே யார் பெயர் இருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்தால் போதும். பல கலைஞர்கள் இப்போது தாங்களே பக்கம் வைத்திருக்கிறார்கள். அதே பாட்டை அங்கே கேட்கலாம்.

கம்பெனிகள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. 1984-ம் ஆண்டுத் திருத்தம், கேசட் அட்டையில் சில விவரங்கள் இருக்க வேண்டும் என்றது. பதிவு செய்தவரின் பெயர், விலாசம். உரிமையாளரின் பெயர், விலாசம். வெளிவந்த ஆண்டு. அசல் எது, போலி எது என்று கண்டுபிடிக்க அது உதவியது. வாசித்தவர்கள் பெயரைப் போடு என்று அது சொல்லவில்லை. சொல்லாததால் பெரும்பாலும் போடவும் இல்லை.

திருச்சுழிப் பக்கத்துச் சுவரில் ஒட்டி இருக்கும் நாடக நோட்டீசைப் பார்க்க வேண்டும். ராஜபார்ட் பெயர், ஸ்திரீபார்ட் பெயர், பபூன் பெயர், ஆர்மோனியம், மிருதங்கம், டோலக் என்று ஒருவர் விடாமல் பெயர் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஊர். ஊருக்குக் கீழே செல்போன் நம்பர்! மெல்லிய காகிதத்தில் அச்சடித்து, மறுநாள் ஆடு மேய்ந்து விடும் நோட்டீசு அது. அதில் கிடைத்த இடம் மிருதங்கக்காரருக்குக் கம்பெனி கேசட்டில் ஏன் கிடைக்கவில்லை?